கவுன்சிலிங்கம்மாவின் போர்டு

அந்த போர்டில் இருந்தது எழுத்துப்பிழை இல்லை. எழுத்துப்பிழையாக இருந்திருந்தால் நானே ஏணி போட்டு ஏறித் திருத்தியிருப்பேன். "குடும்பங்களுக்கும் பெற்றோருக்கும் இணையவழி மனநல ஆலோசனை" என்று மாடிக்குக் குடிவந்த அக்கா அழகாக எழுதிக் கொடுத்ததை, பிளக்ஸ் அடிக்கிற தம்பி இடம் போதவில்லை என்று தன் இஷ்டத்துக்குச் சுருக்கி, சிவப்பில் கொட்டை எழுத்தில் "ஆன்லைன் கவுன்சிலிங்" என்று அடித்துவிட்டான். கீழே பொடியாக "பெற்றோர் வரவும்". பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் அது. எங்கள் போடியில் கவுன்சிலிங் என்றால் ஒரே அர்த்தம்தான், இன்ஜினியரிங் சீட்டு. மறுநாள் காலை கடை திறக்க வந்தால், மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் வைத்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருமுனை வரை அம்மாக்களும் அப்பாக்களும் நிற்கிறார்கள்.

என் கடைக்கு மேல்மாடியில் அவர் குடிவந்த புதிது. மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தவர், "இத்தன பேருக்கா மனசு சரியில்ல?" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "தம்பிகிட்டச் சொல்லி இன்னைக்கே மாத்திருவோம்க்கா" என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, "வேணாம், இருக்கட்டும்" என்றார்.

அந்த "இருக்கட்டும்"தான் அவர். யார் எந்தத் தப்போடு வந்தாலும் திருத்த மாட்டார். அந்தத் தப்பு எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே உள்ளே போய்விடுவார். எனக்கு அது லேசில் பிடிபடவில்லை. நான் நெட் சென்டர் வைத்திருப்பவள். அத்தா, அதாவது எங்கப்பா, ஒரு ஜெராக்ஸ் மெஷினோடு ஆரம்பித்த கடையை, கம்ப்யூட்டர், கேபின், லேமினேஷன் என்று நான் வளர்த்தேன். இனிஷியல் மாறினால் ஆதார் திரும்பி வரும், ஒரு புள்ளி விட்டுப்போனால் ஸ்காலர்ஷிப் போய்விடும். தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது எனக்கு. "நீ என் கனவுல வந்தாலும் ஸ்பெல்லிங் கேப்ப" என்பார் என் வீட்டுக்காரர். கேட்பேன்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. இந்தத் தெருவில் என்னால் சீட்டுக் கிடைத்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்று உண்டு.

அப்படிப்பட்டவளுக்கு மாடியில் இப்படி ஒருத்தர். தெருவே அவரைக் கவுன்சிலிங்கம்மா என்றது. எனக்கு அக்கா. மலைக்கு மேலே கேரளப் பக்கம் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், அதனால் பேச்சில் மலையாளம் அங்கங்கே ஒட்டியிருக்கும். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் "சாரமில்ல" என்பார். பரவாயில்லை, கவலைப்படாதே என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், தேவாரம் ஊரிலிருந்து பேசிய அம்மாவுக்குத் தெரியுமா? மாமியார், மகன், கடைசிப் பிள்ளையின் பிடிவாதம் என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்த அந்த அம்மாவிடம் இவர் கனிவாக "சாரமில்ல" என்று சொல்லப்போய், "இம்புட்டு நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசியிருக்கேன், சாரமில்லயாம்ல!" என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

டீ கொடுக்க மாடியேறியிருந்த நான் அந்தக் கத்தலைக் கேட்டுப் பதறிப்போய், "அர்த்தத்தச் சொல்லிப் புரிய வைங்கக்கா" என்றேன். அக்கா திரும்ப போன் போட்டு, "சரி ஆத்தா, நான் சாரத்த விட்டுட்டேன் போல. எது சாரம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பிறகு அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் சொன்னாராம், பிரச்சினை மாமியாரும் இல்லை மகனும் இல்லை, தன்னால் தூங்க முடியவில்லை என்று. அந்த அம்மாவே பிறகு கடைக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தது இது. அக்கா வாயிலிருந்து எந்த வீட்டுக் கதையும் ஒரு சொல் வெளியே வராது.

இன்னொரு பிடிவாதம், ஆன்லைன் என்றால் ஆன்லைன்தான். ஒருவர் மாடியேறி அவர் முன்னால் வந்து நின்றாலும், "கீழ தங்கச்சி கடையில கேபின்ல உக்காருங்க, நான் கூப்புடுறேன்" என்று இறக்கிவிடுவார். மேலே அவர், கீழே கேபினில் இவர், நடுவில் ஒரே ஒரு தளம், ஆனால் பேசுவது மட்டும் வீடியோவில். எனக்குக் கேபின் வாடகை வருகிறது, கேட்டிருக்கக் கூடாது. வாய் சும்மா இருந்தால்தானே? கேட்டேன்.

"வீட்டுல அப்பா உக்கார்ற நாக்காலி ஒசரம். அம்மா அடுப்படியில நிப்பாங்க. புள்ள கதவுக்குப் பின்னால நிக்கும். இதுல பாரு" என்று திரையைக் காட்டினார். "எல்லாருக்கும் ஒரே அளவுக் கட்டம்."

கேபினில் ஆள் உட்கார்ந்ததும் நான் ரேடியோவைச் சத்தமாக வைக்க வேண்டும், அது அவர் உத்தரவு. தடுப்பு வெறும் பிளைவுட். கேட்காமல் இருப்பதும் தொழில்தான் என்று எனக்குப் பழக்கினார்.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். அட்மிஷன் சீசன் முடிந்தும் ஃபைலோடு ஆட்கள் வருவது நிற்கவில்லை. ஒரு நாள் கல்யாணமாகி ஆறேழு மாதம் ஆன ஒரு பெண், கையில் புத்தம் புது பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நின்றாள். "ஸ்டூடண்ட் யாரும்மா?" என்றேன் வழக்கம்போல. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமேத்தான்க்கா பொறக்கணும்" என்றாள்.

ஃபைலுக்குள் ஒன்றும் இல்லை, வெறும் உறை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனநலம் என்று போர்டு வைத்திருந்தால் எங்கள் ஊரில் ஒரு ஈ காக்கை அந்தப் படியில் கால் வைத்திருக்காது. பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்று ஒரே பேச்சில் முடித்திருப்பார்கள். கவுன்சிலிங் என்றால் கௌரவம். கையில் ஒரு ஃபைல் இருந்தால் எதிர்ப்படுகிறவர்கள், "என்ன, பிள்ளைக்கு சீட்டா?" என்று மரியாதையாக வழிவிடுவார்கள். மனசு பாரமாக இருப்பவர்கள் எல்லாம் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்து ஒரு வழக்கமாக்கிவிட்டார்கள். என் கடையில் ஃபைல் விற்பனை சக்கைப்போடு போட்டது. பிளக்ஸ் தம்பி செய்த தப்பு ஊருக்கே ஒரு முக்காடாகிவிட்டது. அக்கா இதை முதல் நாளே படியில் உட்கார்ந்தபோதே பார்த்துவிட்டார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. கேட்டால், "எனக்கெங்க தெரியும்?" என்று கண்ணாடியைத் துடைப்பார்.

அவர் யாரிடமும் "என்ன பிரச்சினை?" என்று கேட்டதில்லை. முதல் கேள்வி எப்போதும், "இன்னைக்கு வீட்டுல என்ன கொழம்பு?" அடுத்தது, "யாரு மொதல்ல சாப்ட்டா?" அந்த இரண்டில் வீட்டின் பாதி வெளியே வந்துவிடும் என்பார்.

ஜீப்பு டிரைவர் அண்ணன் கதையைச் சொன்னால்தான் அவரை முழுசாகச் சொன்னதாகும். அந்த அண்ணனும் அவர் வீட்டுக்காரி செல்வியும் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவர்கள், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அண்ணன் விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வருபவர். செல்வி ஊருக்குள் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் காய் பொறுக்குகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்த கழுத்தோடு வீட்டுக்கு வந்து சமைப்பவர். அண்ணன் கெட்டவர் இல்லை, குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். ஆனால் வீட்டில் அவர் பேச்சு முழுக்க ஹாரன்தான். தெருமுனையில் இரண்டு சின்ன ஹாரன் அடித்தால் சுடுதண்ணி. வாசலில் ஒரு நீள ஹாரன் அடித்தால் கதவைத் திற. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே அந்தப் பாஷை அத்துபடி. அடுத்த வருஷம் அட்மிஷன் சமயத்தில் ஒரு சாயங்காலம் செல்வி காய்ச்சலில் படுத்திருக்கிறார். வாசலில் நீள ஹாரன். எழுந்திருக்க முடியவில்லை. மறுபடியும் ஹாரன், மறுபடியும் ஹாரன். தட்டுத்தடுமாறி எழுந்து கதவைத் திறந்தவர், அண்ணனைத் தாண்டி, ஜீப்பைத் தாண்டி நடந்து, சிலமலைக்கு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பன்னிரண்டாவது முடித்திருந்த மகளும் பின்னாலேயே போய்விட்டாள்.

மகள் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்ததும் சிலமலையிலேயே காட்டு வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வது, இனிப் போடி வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று செல்வி முடிவு செய்துவிட்டார். மகள் அழுது கேட்டதற்காக ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார். அக்காவிடம் போனில் பேசி வைத்துவிட்டு அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போட்டார்: "கவுன்சிலிங்குக்கு வந்தாத்தான் வீட்டுக்கு வருவேன்."

அண்ணன் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஃபைல். அதுவும் வெறும் ஃபைல் இல்லை. மகளின் அத்தனை சான்றிதழும் ஒரிஜினலும் ஜெராக்ஸுமாக அடுக்கி வைத்திருந்தார். "தங்கச்சி, நீயும் கூட உக்காரு. எனக்கு இந்த கம்ப்யூட்டர் சோலி தெரியாது" என்று என்னையும் கேபினுக்குள் இழுத்துக்கொண்டார். திரையில் அக்கா வந்ததும் வணக்கம் வைத்தார். ஜீப்பு ஓட்டிப் பழகிய தொண்டைக்கு மெல்லப் பேச வராது.

"மேடம், பொம்பளப்புள்ள. கட் ஆஃப் சுமாராத்தான் இருக்கு. மதுரப் பக்கமா ஒரு நல்ல காலேஜாப் போட்டுக் குடுத்துருங்க."

"அண்ணே, இது அந்த கவுன்..." என்று நான் ஆரம்பித்தேன். திரையில் அக்கா கையைத் தூக்கினார்.

"இருக்கட்டும். சொல்லுங்கண்ணே, இன்னைக்கு வீட்டுல என்ன கொழம்பு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். இதெல்லாமா கேட்பார்கள் என்று அவர் கண் கேட்டது. "கடையில புரோட்டா மேடம். வீட்டுல ஆளில்ல."

"பேரண்ட்ஸ் ரெண்டு பேரும் வரணுமே" என்று அக்கா சொல்ல, பக்கத்தில் இன்னொரு கட்டம் திறந்தது. சிலமலையிலிருந்து செல்வி. தோளுக்குப் பின்னால் மகள் போனைப் பிடித்திருந்தாள். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாய்ஸ் ஃபில்லிங்லருந்து ஆரம்பிப்போம்" என்றார் அக்கா. எந்தக் காலேஜ் முதலில், எது அடுத்து என்று வரிசையாகப் பதிவதைத்தான் அப்படிச் சொல்வோம். "உங்க வீட்டுல சாய்ஸ் எல்லாம் யாரு போடுறது?"

"நான்தான் மேடம். எல்லாமே நான்தான்" என்றார் அண்ணன் பெருமையாக.

"ஆமா, ஹாரன்லயே போட்டுருவாரு" என்றார் செல்வி.

அண்ணன் சிரித்தார், யாரும் கூடச் சிரிக்கவில்லை. அக்கா கேட்டார், "அண்ணே, இப்ப இங்க ஜீப்பு இல்ல. ஒரு செம்பு தண்ணி வேணும். அவங்கள எப்படிக் கூப்புடுவீங்க?"

அண்ணனின் வலது கை தானாக மேசையில் ஹாரனைத் தேடியது. ரேடியோவில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் அசராமல் ஸ்டியரிங்கை ஒடிக்கிற மனுஷன், தன் பெண்டாட்டியைக் கூப்பிட ஒரு சொல் கிடைக்காமல் திணறியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மெதுவாக அவருக்கு விளங்கியது. என் பக்கம் திரும்பி, "இது காலேஜு கவுன்சிலிங் இல்லேல்ல?" என்றார்.

"இல்லண்ணே."

"அப்ப எனக்கா?"

யாரும் பதில் சொல்வதற்குள் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஜீப்பு கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. சிலமலைக் கட்டத்தில் செல்வி, "நான்தான் சொன்னேன்ல" என்று மகளிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டம் அணைந்தது.

நான் மாடிக்கு ஏறிப் போய்ச் சண்டை போட்டேன். "மொதல்லயே சொல்லியிருந்தா மனுசன் தயாரா வந்திருப்பாருல்ல? எல்லாத் தப்பையும் இருக்கட்டும் இருக்கட்டும்னா இப்படித்தான் ஆகும்க்கா. ஒரு குடும்பம் போச்சு!"

அவர் மறுக்கவில்லை. மேசை மேல் டீ ஆடை கட்டிக் கிடந்தது. "சொல்லியிருந்தா வந்தே இருக்க மாட்டாரு. வந்ததாலதான் இப்ப யோசிச்சுக்கிட்டே போயிருக்காரு" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு அவரே, "சாரமில்ல. ரெண்டாவது ரவுண்டு இருக்குல்ல?" என்றார்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம், தெரு முழுக்க ஆள். அண்ணன் ஜீப்பை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கையில் ஒன்றும் இல்லை. எதிர்க்கடை புரோட்டா மாஸ்டர் கல்லில் கரண்டியைத் தட்டிக்கொண்டே, "என்னண்ணே, கவுன்சிலிங்குக்கா? ஃபைல எங்க?" என்றார்.

"ஃபைல் எதுக்கு? புள்ளைக்கு இல்லய்யா, எனக்குத்தான் கவுன்சிலிங்" என்றார் அண்ணன், அதே ஜீப்புத் தொண்டையில்.

அந்த போர்டுக்குக் கீழே வெறுங்கையோடு வந்து நின்ற முதல் ஆள் அவர்தான். நான் ஓடிப்போய் ரேடியோவைப் போட்டேன். "அத அமத்து தங்கச்சி, எனக்கென்ன ரகசியம்?" என்று சொல்லிவிட்டுக் கேபினில் உட்கார்ந்தார்.

அக்கா சிலமலைக்கு போன் போட்டு மகளிடம் சொல்ல, இரண்டு கட்டமும் திறந்தன. அக்கா வாயைத் திறக்குமுன் அண்ணனே பேசினார். "நேத்து வீட்டுக்குப் போயி பழக்கதோசத்துல ஹாரன அடிச்சுட்டேன். ஒருத்தரும் வரல. பக்கத்து வீட்டு நாய்தான் எந்திருச்சுப் பாத்துச்சு. நானே எறங்கிக் கதவத் தொறந்தேன். பானையில தண்ணி இல்ல. காச்சல்ல கெடந்தவள இப்படித்தான எழுப்பிவிட்டோம்னு அப்பத்தான் மண்டையில ஏறுச்சு." கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உன்ன என்னன்னு கூப்புடுறதுன்னே எனக்குத் தெரியல புள்ள. கல்யாணம் ஆன புதுசுல கூச்சம், அப்பறம் அப்படியே போயிருச்சு."

அக்கா அவசரப்படவில்லை. பிறகு மெல்ல, "அண்ணன் சீட்டு கவுன்சிலிங்னு நெனச்சுத்தான வந்தாரு. அதுலயே முடிப்போம்" என்றார். "செல்வி, உங்களுக்கு ஒரு சீட்டு வந்திருக்கு. பழைய சீட்டுதான். ஏத்துக்கிட்டுச் சேந்துக்கிறேன்னு சொல்லலாம். ஏத்துக்கிறேன், ஆனா மேல பாப்பேன்னு சொல்லலாம். வேணவே வேணாம், வெளிய போறேன்னும் சொல்லலாம். எதச் சொன்னாலும் சரிதான். யாரும் ஏன்னு கேக்கக் கூடாது."

செல்வியின் மகள் அம்மாவின் காதில் ஏதோ சொல்லப் போனாள். "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்று அவளைத் தள்ளிவிட்டார் செல்வி. காய் பொறுக்குகிற கை அது. முந்தானை நுனியை விரல்கள் பொறுக்கிக்கொண்டே இருந்தன.

"ஏத்துக்கிறேன்" என்றார். அண்ணன் மூச்சு விடுவதற்குள், "ஆனா மேல பாப்பேன்" என்றார்.

அண்ணன் கலவரமாக என்னைப் பார்த்தார். "அப்படின்னா என்ன தங்கச்சி? சீட்டு உண்டா இல்லயா?"

இது என் துறை. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த பட்டனை அழுத்திக் கொடுத்திருக்கிறேன். "சீட்டு உண்டுண்ணே. விட்டுறல. ஆனா இப்ப இருக்குறது பத்தாது, இன்னும் நல்லதா வேணும்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க."

அண்ணன் அதைக் கொஞ்சநேரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "மேல ஏத்தணும், அம்புட்டுத்தான?" என்றார் திரையைப் பார்த்து. "தெனமும் அதத்தான செய்றேன். வளைவுக்கு வளைவு மெதுவா ஏத்திருவேன்."

சிலமலைக் கட்டத்தில் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். மேல்மாடிக் கட்டத்தில் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே அண்ணன் வெரசாகச் சிலமலைக்குப் போனார். வாசலில் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி நின்று "செல்வீ!" என்று கூப்பிட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டதாம். அந்தத் தொண்டைக்கு ஹாரனே தேவலை என்று செல்வி இன்றைக்கும் கேலி செய்வார். மேலே பார்ப்பதையும் அவர் நிறுத்தவில்லை. போன பொங்கலுக்கு அண்ணனைக் கருவாட்டுக் குழம்பு வைக்கப் பழக்கியிருக்கிறார்.

அக்கா இப்போது போடியில் இல்லை. பிறந்த எஸ்டேட் பக்கமே வீடு கட்டிப் போய்விட்டார். ஆன்லைன்தானே, எங்கே இருந்தால் என்ன? மாடி அறையில் இப்போது ஒரு டெய்லர் இருக்கிறார். போர்டு மட்டும் அங்கேயே தொங்குகிறது, சிவப்பு வெளுத்து ரோஸாகிவிட்டது. கழற்றட்டுமா என்று டெய்லர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

இன்னும் வருகிறார்கள். ஃபைலோடும் வருகிறார்கள், அண்ணனுக்குப் பிறகு கைவீசிக்கொண்டும் வருகிறார்கள். கவுன்சிலிங் இங்கதானே என்று கேட்கிறவர்களிடம் நான் மார்க் கேட்பதில்லை. "வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்கிறேன். சாம்பார், புளிக்குழம்பு என்று பட்டென்று சொல்கிறவர்களுக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிறேன். சொல்ல வாயெடுத்து நின்றுபோகிறவர்களைக் கேபினில் உட்கார வைத்து, மலைக்கு போன் போட்டுக் கொடுத்துவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன்.